பதிமூன்றாம் மாதம்

செப்டம்பர் 9, 2023, சனி

பாப்பா எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள். ஒன்பதரைக்குப் பாரிஸில் ரக்பி உலகக் கோப்பை ஆட்டம். திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆஸ்திரேலியா 35, ஜார்ஜியா 15. ஜெயித்ததற்கு நாலு புள்ளி, நாலு ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பது) போட்டதற்கு போனஸ் ஒன்று, ஆக ஐந்து.

இப்படி ஒரு கோப்பை நடப்பதே எங்கள் ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரிஸ்பேனில் ஏழு வருஷம் இருந்தேன். அந்த மஞ்சள் சட்டை மனதில் ஒட்டிக்கொண்டது, திருவாரூருக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷமாகியும் போகவில்லை. 1991, 1999 என்று இரண்டு முறை கோப்பை வாங்கிய அணி. இந்த வருஷமோ, உலகக் கோப்பைக்கு முன் ஆடிய ஐந்து ஆட்டத்தையும் தோற்றுவிட்டுத்தான் பிரான்ஸுக்கே வந்தார்கள். பயிற்சியாளர் எட்டி ஜோன்ஸ், மைக்கேல் ஹூப்பரையும் குவேட் கூப்பரையும் அழைத்துப் போகவில்லை. ஆட்டத்தை நடத்துகிற பத்தாம் எண் சட்டை கார்ட்டர் கார்டன் என்ற சின்னப் பையனுக்கு. நாற்று வாளிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர் பிடிக்க நாள் கொடுக்காமல் வெள்ளத்தில் நட்டால் எப்படி நிற்கும் என்று எனக்குக் கவலை. இன்றைக்கு ஜெயித்ததில் அந்தக் கவலையைக் கொஞ்சம் ஒத்தி வைத்தேன்.

செப்டம்பர் 13, புதன்

அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். எட்டே முக்கால் கிலோ. அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா"ன்னு டீச்சர் சொன்னார். அம்மாவுக்கு எடையில் திருப்தி இல்லை, நடையில்தான் கவலை. எதிர்வீட்டுப் பையன் பத்து மாதத்தில் நடந்துவிட்டான். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்: "இன்னும் நடக்கலையா?"

பாப்பாவுக்கு இந்த மாதம் இருபதாம் தேதி பதிமூன்று மாதம் முடிகிறது. ஒன்பது மாதத்தில் நடக்கிற பிள்ளையும் உண்டு, பதினைந்து பதினாறில் நடக்கிற பிள்ளையும் உண்டு. பதினெட்டு மாதத்துக்கும் நடக்காவிட்டால்தான் கட்டாயம் காட்டச் சொல்கிறார்கள். அம்மாவிடம் இதை மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

நடக்கவில்லையே தவிர இவள் சும்மா இருப்பதில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி போகிறாள். கட்டில் முடிகிற இடத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அங்கே வந்ததும் நிற்கிறாள். ஒரு கை கட்டிலில், இன்னொரு கை மூட்டையை நோக்கி. விரல் நுனி சாக்கைத் தொடும் வரை இந்தக் கையை விடுவதே இல்லை. அந்த யோசனையை இன்று பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 18, திங்கள், பிள்ளையார் சதுர்த்தி

நேற்று ராத்திரி ஃபிஜியிடம் தோற்றுவிட்டது. 22-15.

முதலில் என் ஃபிஜி நண்பனைப் பற்றி எழுத வேண்டும். பிரிஸ்பேனில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன். அவனுடைய கொள்ளுத்தாத்தா, மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர். 1903-இல் தொடங்கி 1916 வரை தென்னாட்டிலிருந்து அப்படிப் போனார்கள். அவனுக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும். நாடி ஊரில் இருக்கிற முருகன் கோயிலைப் பற்றிப் பேசினால் முகம் மலர்ந்துவிடும். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே, "இன்னிக்கு நீ எங்க பக்கம் வந்துடு" என்று எழுதியிருந்தான். வர முடியாது என்றேன்.

பயிற்சியிலேயே கேப்டன் வில் ஸ்கெல்டனுக்கு அடி, தனியேலா டுப்போவுக்கு அடி, இரண்டு மலையும் வெளியே. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஃபிஜிக்காரன் பந்தை உயரமாக உதைத்தான். அந்தரத்திலேயே பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தரையில் விழ விட்டார்கள். முட்டை வடிவப் பந்து விழுந்தால் எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது ஜோசுவா டுய்சோவா கைக்குப் போனது. அவன் ஓடினால் நிறுத்த ஆள் கிடையாது. ட்ரை. அதற்கு முன்பே, முதல் பாதியில் சிமியோனே குருவோலி பெனால்டி உதைகளைக் குறி தவறாமல் போட்டிருந்தான். ஆஸ்திரேலியாவுக்குக் கடைசியில் ஒரு ட்ரை வந்தது. அதைப் போட்ட சுலியாசி வுனிவாலு ஃபிஜியில் பிறந்தவன். ஏழு புள்ளிக்குள் தோற்றதால் ஒரு போனஸ் புள்ளி மிச்சம்.

1954-க்குப் பிறகு ஃபிஜி ஆஸ்திரேலியாவை ஜெயித்ததே இல்லையாம். நண்பன் அழுதுகொண்டே கூப்பிட்டான். எனக்கும் தொண்டை அடைத்தது, தோற்றதற்காகவா அவனுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் கொழுக்கட்டை. பாப்பா பூரணத்தை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்துத் தின்றாள். மாவுத் தோலைத் தாத்தா வாயில் ஊட்டிவிட்டாள். மூன்று மாதம் முன்னால் எதையும் முழுக்கையால்தான் வாரி எடுப்பாள்.

செப்டம்பர் 21, வியாழன்

காவிரியில் தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 5,000 கன அடி விடச் சொல்லிக் கர்நாடகத்துக்குப் போட்ட உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. காலையில் பேப்பர் வந்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "மேட்டூர் எத்தனை அடி?" ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர். நம்பித்தான் குறுவை போட்டோம். இப்போது பால் பிடிக்கிற நேரம், வாய்க்காலில் சேறுகூட ஈரமாக இல்லை. நாங்கள் கடைமடை. மேலே முறை வைத்து விட்டால் எங்கள் மதகுக்கு வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடுகிறது. பள்ளத்து ஒரு ஏக்கருக்கு மட்டும் டீசல் என்ஜின் வைத்து இறைக்கிறோம்.

செப்டம்பர் 25, திங்கள்

இதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. நள்ளிரவு பன்னிரண்டரைக்கு லியோனில் தொடங்கியது. வேல்ஸ் 40, ஆஸ்திரேலியா 6. உலகக் கோப்பைகளிலேயே இவர்களுக்கு இவ்வளவு பெரிய தோல்வி வந்ததில்லை. மூன்றாவது நிமிஷத்தில் கேரத் டேவிஸ் ட்ரை போட்டார். காயத்தால் வெளியேறிய டான் பிகருக்குப் பதிலாக வந்த கேரத் ஆன்ஸ்கோம்ப் ஒருவரே உதைத்து உதைத்து 23 புள்ளி எடுத்தார். கார்ட்டர் கார்டனை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பத்தாம் எண்ணை பென் டொனால்ட்சனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பையனை நம்பி ஹூப்பரையும் கூப்பரையும் விட்டுவிட்டு வந்தீர்கள், இரண்டு ஆட்டத்தில் அவனையும் விட்டுவிட்டீர்களே! எனக்கு வயிறு எரிந்தது தோல்வியால் அல்ல, இதனால்தான். திரையில் ஜோன்ஸ் முகம் வந்தபோதெல்லாம் அரங்கமே கூச்சல் போட்டது.

செப்டம்பர் 28, வியாழன்

அப்பா யாரிடமும் சொல்லாமல் ஆசாரியிடம் நடைவண்டி செய்யச் சொல்லியிருக்கிறார். வேம்பு. மூன்று சக்கரம், குறுக்கே ஒரு கைப்பிடி. ஆசாரி கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சிராய் இருந்தால் கன்னம் சொல்லிவிடும் என்றார்.

என் மனைவிக்கு முதலில் பயம். பிள்ளையை உள்ளே உட்கார வைக்கிற பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம் என்று பாப்பாவுடைய டாக்டர் சொல்லியிருக்கிறார். சக்கரம் வேகமாக ஓடிப் படியில் உருண்டு அடிபட்ட பிள்ளைகள் ஏராளம். கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நடைவண்டி அது மாதிரி இல்லை. பிள்ளைதான் எழுந்து நிற்க வேண்டும், தன் எடையைத் தானே தாங்க வேண்டும், தானே தள்ள வேண்டும். விட்டுவிட்டால் வண்டி நின்றுவிடும். கிட்டவே ஒரு ஆள் இருந்தால் போதும். இதைச் சொன்னதும், "அப்ப நீங்களே கிட்ட இருங்க"ன்னாள். இருக்கிறேன்.

பிள்ளைத்தமிழில் பருவங்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எல்லாம் தாண்டி வருகைப் பருவம். குழந்தையை "வருக, வருக" என்று கூப்பிடுகிற பருவம். அது பதிமூன்றாம் மாதத்தை ஒட்டித்தான் வரும் என்பார்கள். கல்லூரியில் படித்தபோது அது பாட்டுக்கான கணக்கு என்றுதான் நினைத்தேன். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் எழுதிய கணக்கு என்று இன்றைக்குத்தான் படுகிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

போர்ச்சுகலை 34-14 என்று ஜெயித்தார்கள். போனஸோடு ஐந்து. மொத்தம் பதினொன்று. இனி இவர்களுக்கு ஆட்டம் இல்லை. ஃபிஜிக்குப் பத்து புள்ளி, ஒரு ஆட்டம் பாக்கி, அதுவும் இதே போர்ச்சுகலோடு. இரண்டும் பதினொன்றில் நின்றால் நேருக்கு நேர் ஜெயித்த ஃபிஜிதான் காலிறுதிக்குப் போகும். ஃபிஜி நாலு ட்ரை போடாமல், எட்டுப் புள்ளியோ அதற்கு மேலோ தோற்றால்தான் ஆஸ்திரேலியாவுக்கு வழி. ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உலகக் கோப்பையில் ஒரு தடவைகூட வாங்கியிராத வெற்றியைப் போர்ச்சுகல் வாங்கித் தர வேண்டும்.

அப்பா இன்றைக்கும் மேட்டூர் எத்தனை அடி என்று கேட்டார். சொன்னேன். "சரி" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அக்டோபர் 5, வியாழன்

பரணிலிருந்து பழைய ரக்பி பந்தை எடுத்துக் காற்றடித்தேன். பாப்பா இரண்டு கையாலும் தள்ளினாள். நேராகப் போகும் என்று எதிர்பார்த்தாள், அது புரண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டது. முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போனதை அத்தோடு மறந்துவிடுவாள். இன்றைக்குத் தூணைச் சுற்றித் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்து, "க்கா" என்றாள். காக்காய்க்கும் க்கா, பூனைக்கும் க்கா, பந்துக்கும் க்கா. ஆனால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு, நானும் பார்க்கிறேனா என்று என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளே, அது புதிது.

அக்டோபர் 9, திங்கள்

நேற்று தெரு முழுக்க கிரிக்கெட். சென்னையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். 199-க்குச் சுருட்டிவிட்டு, நம் பக்கம் இரண்டு ரன்னுக்கு மூன்று விக்கெட் போனபோது ஊரே மூச்சுப் பிடித்தது. அப்புறம் கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97. வெடி போட்டார்கள். நானும் கத்தினேன்.

எல்லாரும் தூங்கிய பிறகு பன்னிரண்டரைக்கு டூலூஸில் ஃபிஜியும் போர்ச்சுகலும். போர்ச்சுகல் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கூலிக்கு ஆடுகிறவன் அப்படி ஆட மாட்டான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடினார்கள். கடைசி நிமிஷங்களில் ட்ரை போட்டு 24-23. அவர்களுக்கு உலகக் கோப்பையில் முதல் வெற்றி. ஆனால் ஒரே ஒரு புள்ளியில் தோற்ற ஃபிஜிக்கு, தேவைப்பட்ட அந்த ஒரு போனஸ் புள்ளி கிடைத்துவிட்டது. பதினொன்றும் பதினொன்றும். ஆஸ்திரேலியா வெளியே. முதல் சுற்றோடு அவர்கள் திரும்புவது இதுதான் முதல் தடவை. ஜெயித்தவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், தோற்றவர்கள் காலிறுதிக்குப் போகிறார்கள், இரண்டு பேரும் மைதானத்தில் அழுதார்கள். நான் படுக்கும்போது மூன்று மணி.

எழுந்தபோது எட்டரை. அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "பாப்பா நடந்துட்டாப்பா" என்றாள்.

ஆறரைக்கு. முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அம்மா கோலமாவு டப்பாவோடு வாசலிலிருந்து உள்ளே வந்திருக்கிறாள். டப்பாவைப் பார்த்ததும் தூணை விட்டுவிட்டு நாலு அடி. நாலாவது அடியில் ஆச்சி புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். "உன்னை எழுப்பலாம்னுதான் வந்தேன். விடியற நேரத்துக்குத்தான் படுத்தேன்னு விட்டுட்டேன்."

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி பார்த்திருக்கிறாள். அப்பா பார்த்திருக்கிறார். பால்காரர்கூடப் பார்த்திருக்கிறார். தூணுக்கும் வாசலுக்கும் நடுவே சிமெண்ட் தரையில் கொஞ்சம் கோலமாவு சிந்தியிருந்தது, அதில் பாதி உள்ளங்காலும் ஐந்து விரலும். யாரையும் பெருக்க விடவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

மேட்டூரைப் பாசனத்துக்கு மூடிவிட்டார்கள். முப்பது அடியை ஒட்டி வந்துவிட்டது, இனி குடிநீருக்கு மட்டும்தான். அப்பா இன்று கேட்கவில்லை. நாளைக்கு டெல்டா முழுக்கக் கடையடைப்பு.

அக்டோபர் 13, வெள்ளி

குழந்தைகள் நடை பழகுவதை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற பேராசிரியர் எண்ணிப் பார்த்திருக்கிறார். நடக்கத் தொடங்கிய பிள்ளை விளையாடும்போது ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 தடவை விழுகிறது. நானும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எண்ணினேன். பாப்பா இருபத்திரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவைதான் அழுதாள், இரண்டும் அம்மா "ஐயோ" என்று கத்தியதால்.

மேட்டு இரண்டு ஏக்கரில் மாடு விட்டுவிட்டோம். பள்ளத்து ஒரு ஏக்கர் தேறும். கதிர் பாதி சாவி, வெறும் பதர்.

அக்டோபர் 16, திங்கள்

நேற்று ராத்திரி நண்பனுக்காக ஃபிஜி ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். இங்கிலாந்திடம் 30-24. கடைசி வரை விடவில்லை. கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தோம். "பாப்பா நடக்குறாளா?" என்று கேட்டான். இரண்டு வார்த்தையும் தமிழில்.

நள்ளிரவில் பிரான்ஸும் தென்னாப்பிரிக்காவும் ஆடியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு புள்ளியில், 29-28. நல்ல ஆட்டமாம். நான் பதினொரு மணிக்கே படுத்துவிட்டேன்.

காலையில் ஆறு மணிக்குத் திண்ணையில் இருந்தேன். உள்ளே கொலுசுச் சத்தம். விட்டு விட்டுக் கேட்டது. நிலைப்படிக்குள்ளே வந்து நின்றாள், இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு. படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, முதலில் ஒரு காலை மட்டும் கீழே இறக்கினாள்.