மினி டிராக்டர் ஹைட்ராலிக்கில் விறகு பிளக்கும் மிஷின்: இதுவரை நடந்த வேலை

தோட்டத்தில் வெட்டிப்போட்ட புளியமரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கோடாலி பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பிளக்கக் கொடுக்கும் கூலிக்கு விறகைக் கடையிலேயே வாங்கிவிடலாம். 24 குதிரைத்திறன் மினி டிராக்டரோ பாதி நாள் கொட்டகையில் நிற்கிறது. அதன் ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், ஓடும்படி ஒரு பிளக்கும் மிஷின் செய்ய ஆரம்பித்தேன். இப்போது ஓடுகிறது, விறகும் விழுகிறது.

பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது, "இந்தச் சின்ன வண்டிக்குப் புளி பிளக்குமா?" என்பதுதான். பலம் பற்றிக் கவலையே வேண்டாம். காயலான் கடையில் எடுத்த சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கிடைத்தால் பதினொன்றே முக்கால் டன் தள்ளும். பெரிய டிராக்டரில் மாட்டினாலும் அதே அழுத்தத்துக்கு அதே தள்ளல்தான். சின்ன வண்டியில் குறைவது எண்ணெயின் ஓட்டம். என் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர்தான் தரும். 60 சென்டிமீட்டர் நீள சிலிண்டரை நிரப்ப 4.7 லிட்டர் வேண்டும்; முன்னே போக 14 விநாடி, திரும்பி வர 11 விநாடி. கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அது ரொம்ப நேரம். அதனால் துண்டுகளை ஒன்றேகால் அடிக்கு மேல் விடாமல் அறுக்கிறேன். அடுத்த கட்டை நுழையும் அளவுக்கு மட்டும் ராடை (சிலிண்டரிலிருந்து வெளியே வந்து தள்ளும் தண்டை) பின்னுக்கு இழுக்கிறேன். முழு நீளமும் போய்வருவது கிடையாது.

எண்ணெய் எடுத்தது டிப்பர் டிரெய்லருக்கான இணைப்பிலிருந்து. அது ஒரு வழிப் பாதை. டிரெய்லர் தன் எடையாலேயே இறங்கிவிடும். இங்கே ராடைத் திருப்பி இழுக்கவும் எண்ணெய் வேண்டும் என்பதால் தனியாக ஒரு இருவழி லிவர் வால்வு போட்டேன். லிவர் நடுவில் இருக்கும்போது எண்ணெய் தடையின்றிச் சுற்றிப் போகிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். நடுவில் அடைத்துக்கொள்ளும் வகை என்றால் பம்ப் சும்மா இருக்கும் நேரத்திலும் ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடும் வால்வை) முட்டிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கொதிக்கும்.

செலவைக் குறைக்கக் கூடாத இடம், எண்ணெய் வண்டிக்குத் திரும்பும் ஹோஸ். ராட் பின்வாங்கும்போது பம்ப் அனுப்புவது 20 லிட்டர், ஆனால் மறுபக்கத்திலிருந்து வெளியேறுவது நிமிடத்துக்கு 26 லிட்டருக்கும் மேல். 50 மில்லிமீட்டர் ராட் ஒரு பக்கத்து இடத்தை அடைத்துக்கொள்வதுதான் காரணம். எனவே முக்கால் அங்குல ஹோஸ், நடுவில் கப்ளர் (கழற்றி மாட்டும் இணைப்பு) எதுவும் வைக்காமல், நேராக எண்ணெய் ஊற்றும் வாய்க்கே கொண்டுபோனேன். என் வண்டியில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். பழைய சிலிண்டருக்குள் கிடக்கும் துரு கியருக்குப் போனால் கதை முடிந்தது. பிரித்து, கழுவி, சீல் மாற்றிய பிறகே மாட்டினேன்.

ஆப்பு லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அறுத்தது. அரிவாள் அடிக்கிறவர்கள் தேடி வாங்கும் அதே இரும்பு. அதை அப்படியே வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். லேத்காரர் நன்றாகச் சூடேற்றிப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார்.

வேம்பு சத்தமில்லாமல் பிளக்கிறது. புளி அப்படியில்லை, அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். ஆப்பு நாலு விரல் இறங்கியதும் நிற்கும், கேஜ் முள் 150-ஐத் தொடும், எஞ்சின் முனகும். அப்போது லிவரை அழுத்திக்கொண்டே நிற்பதில் பயனில்லை. கட்டையைப் பின்னுக்கு எடுத்து, கணு ஆப்புக்கு எதிரே வராதபடி திருப்பி, நடுவை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து பத்தை பத்தையாகச் சீவினால் வருகிறது. நடுவில் மிஞ்சும் முடிச்சு அடுப்புக்கு அப்படியே போகட்டும். தென்னையை மட்டும் இதில் வைக்க வேண்டாம். பிளவதற்குப் பதில் நார் நாராக நசுங்குகிறது.

ஹோஸில் எங்காவது எண்ணெய் கசிவது போலத் தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியாக இந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். எஞ்சினை நிறுத்தி, லிவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் நான் ஹோஸ் பக்கம் போகிறேன்.

பிடிஓ-வில் (டிராக்டரின் பின்னால் கருவிகளை ஓட்டச் சுழலும் தண்டில்) தனிப் பம்ப் மாட்டினால் வேகம் கூடும் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குத் தனி டேங்கும் வேகம் கூட்டும் கியரும் வேண்டும். வீட்டு விறகுக்கு அது அதிகம். அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்கு அடுத்த வேலை, கனமான கட்டையைக் குனிந்து தூக்காமல் உருட்டி ஏற்ற ஒரு சாய்வுத் தகடு.