பூட்டச் சொன்னது நான்தான்

"போனை வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ அம்மா. திறப்பு உங்கட கையில இருக்கட்டும்." மகன் விடிய விடியப் போனில் கேம் விளையாடுகிறான் என்று வந்த தாய்க்கு நான் சொன்னது. அன்றைக்கு அது எனக்கு நல்ல ஆலோசனையாகத்தான் பட்டது. "சரி ரீச்சர்" என்று சொல்லிப் போனா.

மூன்றாம் நாள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டோடு வந்தா. மகன் அலுமாரிக் கண்ணாடியைக் குத்தி உடைத்தபோது தடுக்கப் போன கை. "நீங்கள் சொன்னபடிதான் செய்தனான் ரீச்சர்." குரலில் குறை சொல்லும் சாயலே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

யோசிக்காமல் சொன்னேன் என்றில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், கேம் விளையாட்டுக்கு அடிமையாவதும் ஒரு நோய். விளையாட்டைக் கட்டுப்படுத்த ஏலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைப்பது, கெடுதி கண்டும் விடாதது. பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் வகுப்புக்கென்று வாங்கிய போன். மூன்றுக்கும் என் கொப்பியில் சரி போட்டிருந்தேன். ஆரோடு விளையாடுகிறான் என்று மட்டும் கேட்கவில்லை.

பிறகுதான் கேட்டேன். விரல் மொளியில் காய்ந்திருந்த பொருக்கை நகத்தால் சுரண்டியபடி சொன்னான்: "அண்ணாவோட."

அண்ணன் பாரிசில். இங்கே இரவு பதினொன்றரை என்றால் கோடையில் அங்கே எட்டு மணி, வேலையால் வந்து அவன் ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் விளையாட்டுக்குள் வரும் நேரம். "கோல் எடுத்தா ரெண்டு நிமிசத்தில கதை முடிஞ்சிடும் ரீச்சர். கேமில எண்டா கதைச்சுக்கொண்டே இருக்கலாம்." நடுவில் நிறுத்திவைக்க முடியாத ஆட்டம் அது. அம்மா போனைப் பறித்தபோது அண்ணன் சூடுபட்டு விழுந்து கிடந்தானாம், இவன் போய்த் தூக்கிவிட வேண்டிய நேரமாம்.

இதைக் கேட்டு நான் இளகினேன். இளகியது சரிதானா? விடியப்புறம் நாலு மணிக்கும் விளையாடுகிறான் என்று அம்மா சொன்னதும் பொய்யில்லையே. அந்நேரம் அண்ணன் எங்கே? பெற்றவளின் கையில் தையல் போட வைத்த கோபத்தைப் பாசம் என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆனால் என் வார்த்தையால் பூட்டியது போனை மட்டுமில்லை.

வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். "இனிப் பூட்டட்டோ, விடட்டோ ரீச்சர்?" என்று அம்மா கேட்டா. அண்ணன் வரும் அரை மணித்தியாலம் மட்டும் கொடுங்கோ, பிறகு வாங்கி வையுங்கோ என்றேன்.

"சரி ரீச்சர்" என்றா, முதல்நாள் சொன்ன அதே மாதிரி.