அம்மா அறைக்கு ஒரு வெள்ளை

பிப்ரவரி 6

அம்மாவின் அறைக்குப் பெயிண்ட் அடிப்பது என்று முடிவாகிவிட்டது. கண்ணை உறுத்தாத, அமைதியான நிறமாக இருக்க வேண்டும். இப்போதைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஷேட் கார்டை விரித்தால் வெள்ளை வகைகளே இரண்டு பக்கம் வருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. பக்கத்தில் ஒரு ஏ4 தாளை வைத்ததும் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வந்தது. ஒன்றில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் பச்சை. வெறும் சாம்பல் என்று நினைத்த ஒன்றில் ஊதா ஓடுகிறது.

கார்டின் பின்பக்கம் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கிறது. அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. அறைக்கு ஒரே ஜன்னல்தான் என்பதால் 70-க்குக் கீழே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8

மூன்று நிறங்களில் சின்ன டப்பா வாங்கினேன்: சாம்பல் கலந்த வெள்ளை, க்ரீம், மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு வெளிர் நிறம். நேராகச் சுவரிலேயே தடவிப் பார்த்தேன். அது தப்பு. பழைய சுவர் வெளிர் நீலம். அதன் நடுவில் க்ரீம் பளீரென்று மஞ்சளாகத் தெரிந்தது.

மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கருப்பை அப்படிக் காட்டின. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839-இல் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். என் சுவரில் நடந்ததும் அதேதான்.

தடவியதை விட்டுவிட்டு மூன்று தடித்த அட்டைகளை எடுத்தேன். சுற்றிலும் நாலு விரல் வெள்ளை ஓரம் விட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட். இனி பழைய நீலம் குறுக்கே வராது.

பிப்ரவரி 10

அட்டைகளைத் தரையில் போட்டுப் பார்க்கக் கூடாது. சுவர் எப்படி நிற்கிறதோ அப்படியே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. இந்த ஜன்னலில் நேர் வெயில் விழுவதே இல்லை, வானத்தின் வெளிச்சம் மட்டும்தான். அதில் நீலம் அதிகம். சாம்பல் வெள்ளை காலையிலிருந்தே குளிர்ந்துபோய் நீலமாகத் தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டேன்.

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்கிறார்கள்: எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். ராத்திரி 6500 கெல்வின் டியூப் லைட்டில் க்ரீம் வெளிறிப்போனது. 2700 கெல்வின் பல்பு போட்டால் எல்லாமே மஞ்சள். நடுவில் 4000 போட்டதும்தான் அட்டைகள் பகலில் பார்த்ததற்குப் பக்கத்தில் வந்தன. பெயிண்டை முடிவு செய்வதற்கு முன்னால் விளக்கை முடிவு செய்துவிடுவது நல்லது.

பிப்ரவரி 11

இன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடது கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது, வலது கண் இன்னும் பாக்கி. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு க்ரீம் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் கையை மாற்றி இடது கண்ணை மூடினாள்.

"இந்தக் கண்ணுக்கு வெள்ளையா இருக்குடி, அந்தக் கண்ணுக்குச் சந்தனம் மாதிரி இருக்கு."

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. நீல ஒளியைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆபரேஷனில் வைத்த புதிய லென்ஸ் தெளிவாக இருப்பதால் நீலம் தடையில்லாமல் உள்ளே போகிறது. ஐந்து நாளாக நான் என் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கப்போவது அவள்தானே.

மூன்றையும் மறுபடி வைத்தேன். சாம்பல் வெள்ளையைப் பார்த்ததுமே "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, வேண்டாம்" என்றாள். மண் நிறத்தின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றாள். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டுக்கும் பரவாயில்லை" என்றாள். சரி, அதுவேதான்.

பிப்ரவரி 15

நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கித் திருப்பித் தருவதால், அட்டையில் பார்த்ததைவிட அறையில் நிறம் அழுத்தமாகிவிடும். அதனால் அதே வரிசையில் ஒரு படி வெளிர்ந்ததை வாங்கினேன். பினிஷ் மேட். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில், பளபளப்பு இருந்தால் பட்டி பார்த்த இடமெல்லாம் மேடு பள்ளமாகக் காட்டிக்கொடுக்கும். டின்னுக்கு டின் நிறம் சற்று மாறலாம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் கலந்த பிறகுதான் ரோலரைத் தொட்டோம்.

முதல் கோட் ஈரத்தில் பால்போல இருந்தது. மனசுக்குள் பயந்தேன். எமல்ஷன் காய்ந்தால் கொஞ்சம் அடர்ந்துவிடும் என்று தெரிந்திருந்தும் காயும்வரை இருப்புக் கொள்ளவில்லை.

பிப்ரவரி 17

இரண்டாவது கோட்டும் காய்ந்துவிட்டது. தரையின் செம்பழுப்பு சுவரின் கீழ்ப்பகுதியில் லேசாக ஏறித் தெரிகிறது, அதுவும் நன்றாகவே இருக்கிறது. அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கமிருந்து திருப்பி, சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் வலது கண்ணுக்கு ஆபரேஷன். அட்டைகளை எறியவில்லை, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.