சாம்பல் நிற ஃபெர்குசனுக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் தேடுறவங்களுக்கு

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் பற்றித்தான் இது. ஆர்டர் போடும் முன் டேஷ்போர்டில் இருக்கும் பிளேட்டில் சீரியல் நம்பருக்கு முன்னால் வரும் எழுத்தைப் படிங்க. வெறும் டிஇ என்றால் கான்டினென்டல் இன்ஜின். டிஇஏ ஸ்டாண்டர்ட் கம்பெனி பெட்ரோல் இன்ஜின், டிஇடி டிராக்டர் மண்ணெண்ணெய், டிஇஎஃப் டீசல். ஆனா இத்தனை வருஷத்தில் இன்ஜினே மாறியிருக்கலாம். பிளாக்கில் குத்தியிருக்கும் நம்பரையும் பாருங்க.

அதிகம் பேர் பணத்தை விடுறது லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) செட்டில்தான். ஸ்டாண்டர்ட் பெட்ரோல் இன்ஜின் முதலில் 80 மி.மீ. போர் (சிலிண்டர் உள்விட்டம்), 1850 சி.சி.; பின்னால் 85 மி.மீ., 2088 சி.சி. வெளியே பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஹெட்டைக் கழற்றி அளந்த பிறகே பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் வாங்குங்க. இது வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் நேரா கூலிங் தண்ணீரில் படும். அடியில் எட்டு வடிவ கேஸ்கெட் உட்காரும் இடத்தில் துருவோ பழைய பசையோ இருந்தா தண்ணீர் ஆயில் சம்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்கும். லைனர் மேல்விளிம்பு பிளாக்கைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உயர்ந்து நிற்கணும். குறைஞ்சா ஹெட் கேஸ்கெட் நிக்காது.

வார்ப்பில் புடைச்சு நிற்கும் நம்பர் பார்ட் நம்பர் இல்லை. ஒரே வார்ப்பை இரண்டு விதமா கடைஞ்சிருப்பாங்க. அதைச் சொல்லி வாங்கினா பொருந்தாத சாமான்தான் வரும். பார்ட்ஸ் புத்தகத்தில் இருக்கும் நம்பரைக் கொடுங்க.

போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 யுஎன்சி (அங்குல மரை) துளையில் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் நாலு சுத்து ஏறி இறுகும். அதோட ஸ்பேனரை விட்டுடுங்க, மேலே முறுக்கினா மரை போச்சு.