ஆறாவது வாரம்

மே 17, 2020
வியாழக்கிழமையோடு பாப்பாவுக்கு ஆறு வாரம் முடிகிறது. ஆறாவது வார ஊசிக்குப் போக வேண்டும், வெளியே கொரோனா. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

மே 18
ராத்திரி எழுந்து எழுந்து அவள் மூச்சை எண்ணுகிறேன். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 வந்தால்தான் வேகமான மூச்சு. 44 இருந்தது. சரி, தூங்கலாம் என்று படுத்துவிட்டு மறுபடி எண்ணினேன். கக்குவான் இருமலைப் பற்றிப் படித்ததிலிருந்து இப்படி. இவ்வளவு சின்னக் குழந்தைக்குச் சில சமயம் இருமலே வராதாம், மூச்சு மட்டும் நின்று நின்று வருமாம்.

மே 19
அம்மா போனில், "வீட்டுக்குள்ளயே இருக்கிற குழந்தைக்கு என்ன நோய் வரப்போகுது, கொஞ்ச நாள் போகட்டுமே" என்கிறார். நியாயம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் குழந்தைக்குக் கக்குவான் வருவது பெரும்பாலும் வீட்டில் தூக்கிக் கொஞ்சுகிறவர்களிடமிருந்துதான், அவர்களுக்கு அது வெறும் விடாத இருமலாக இருக்கும். நேற்று இவர் இரண்டு தடவை இருமினார். முறைத்தேன். "புரையேறிடுச்சும்மா" என்றார், பாவம்.

மே 21
வியாழன். போகவில்லை.

மே 22
உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கேவி என்ற தடுப்பூசிக் கூட்டணியும் சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. குறைந்தது 68 நாடுகளில் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைபட்டு, ஒரு வயதுக்குட்பட்ட சுமார் 8 கோடிக் குழந்தைகளுக்கு டிப்தீரியா, தட்டம்மை, போலியோ ஆபத்து. பெற்றோர் வெளியே வரப் பயப்படுவதும் ஒரு காரணமாம். பயப்படாமல்? காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று அறிக்கையிலா போட்டிருக்கிறது?

மே 25
ஒருவழியாகச் செவிலியரிடம் போனில் பேசிவிட்டேன். தாமதமானதால் எதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், வரும் நாளில் போட்டுவிட்டு நான்கு வாரம் கழித்து அடுத்தது, ஆனால் வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணைக்கு மட்டும் வயது வரம்பு உண்டு, அதனால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள் என்றார். இடது கையில் பி.சி.ஜி., அதாவது காசநோய்த் தடுப்பூசி, போட்ட இடம் கொப்புளமாகி லேசாகச் சீழ் வைத்திருப்பதையும் கேட்டேன். அப்படித்தான் ஆகுமாம், மருந்து எதுவும் தடவக் கூடாதாம். இதை முதல் ஊசியன்றே சொல்லியிருந்தால் என்ன? எத்தனை ராத்திரி அதையே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

மே 28
போட்டாயிற்று. வரச்சொன்ன நேரத்துக்குத்தான் போனோம், ஒரு குழந்தைக்கு ஒருவர் மட்டும் என்பதால் இவர் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. நான் யாரையும் தொடவில்லை, கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளினேன். முதலில் வாயில் சொட்டு மருந்து, அப்புறம் தொடையில் பென்டாவேலன்ட். ஒரே ஊசியில் ஐந்து நோய்க்கு, அதில் கக்குவானும் ஒன்று. அவள் வீறிட்ட வீறிடலில் என் முகக்கவசம் நனைந்துவிட்டது, அழுதது இரண்டு பேரும்தான். ஒரு தவணை மட்டும் போதாது, அது தெரியும். இருந்தாலும் வரும்போது ஆட்டம் போடலாம் போல இருந்தது.

மே 29
ராத்திரி 38.2. ஊசிக்காய்ச்சல்தான், தெரியும். தெரிந்து என்ன, இந்தக் காலத்தில் காய்ச்சல் என்றாலே வயிறு கலங்குகிறது. எடைக்கு ஏற்ற அளவு பாரசிட்டமால் கொடுத்தேன், செவிலியர் சொல்லியிருந்தபடி. தொடையில் சின்னதாக ஒரு கட்டி. பால் குடிக்கிறாள்.

மே 30
காய்ச்சல் இல்லை. மூச்சு 46.

ஜூன் 3
அடுத்த தவணை 25ஆம் தேதி. இந்தத் தடவை தள்ளிப்போடுவதில்லை என்று முடிவெடுத்தாயிற்று, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 4
இவருக்குக் காலையிலிருந்து தொண்டை கரகரப்பு, இப்போது உடம்பும் சுடுகிறது. அந்த அறையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் பரிசோதனை.