மரத்தட்டில் உணவருந்திய அரசன்

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 2001-ஆம் ஆண்டு இரண்டு பகுதிகளாக எடுக்கப்பட்ட ‘அட்டிலா’ குறுந்தொடரை அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஜெரார்ட் பட்லர் பெரிய நட்சத்திரமாக உயர்வதற்கு முன்பு ஹூணர்களின் அரசனாக நடித்தது இது. பழைய தயாரிப்பு என்பது சில போர்க்காட்சிகளில் வெளிப்படையாகத் தெரிந்தாலும், பவர்ஸ் பூத் நடித்திருக்கும் ரோமானியத் தளபதி ஏட்டியஸுக்காகவே இதை முழுவதும் பார்க்கலாம் என்பது என் கருத்து.

அட்டிலாவின் கதையை ரோமுக்கும் காட்டுமிராண்டிகளுக்கும் இடையிலான மோதலாகச் சுருக்கிவிடாமல், ஒருவரையொருவர் நன்கு அறிந்த இரு மனிதர்களின் பகையாக அமைத்ததுதான் இத்தொடரின் பலம். வரலாறும் அதற்கு இடம் கொடுக்கிறது. இளம் வயதில் ஹூணர்களிடம் பணயக் கைதியாக வளர்ந்த ஏட்டியஸ், பிற்காலத்தில் ரோமின் உட்பூசல்களிலேயே ஹூணப் படைகளைத் தன் பக்கம் அழைத்து வந்து காரியம் சாதித்துக்கொண்டவர். 451-இல் இன்றைய பிரான்சிலுள்ள கட்டலோனியச் சமவெளியில் அட்டிலாவைத் தடுத்து நிறுத்தியவரும் அவரே. அந்தப் போரில் ரோமுக்குத் தோள்கொடுத்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் அரசன் முதலாம் தியோடோரிக் களத்திலேயே உயிரிழந்தான் என்பதை நினைத்தால், அது எப்படிப்பட்ட வெற்றி என்பது விளங்கும்.

கற்பனைக்கு வந்தால், தொடர் தாராளமாகவே கை நீட்டுகிறது. அட்டிலா ரோம் நகரத்துக்கே விருந்தாளியாகச் செல்கிறான். உண்மையில் அவன் அந்நகருக்குள் காலடி வைத்ததே இல்லை. 453-இல் இல்டிகோ என்ற இளம்பெண்ணை மணந்த இரவில், மூக்கிலிருந்து வழிந்த குருதி தொண்டையை அடைத்து அவன் இறந்ததாகப் பழைய பதிவு கூறுகிறது. தொடரோ அவள் கையில் நஞ்சைக் கொடுத்துவிட்டது. நாடகத்துக்கு ஒரு கொலைகாரி தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் பெரிய குற்றமாகக் கொள்ளவில்லை.

என் குறை வேறு. அட்டிலாவை நேரில் பார்த்து எழுதிய ஒருவரின் குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கும்போது, திரைக்கதை அவற்றைக் கிட்டத்தட்ட தொடாமலே கடந்துவிட்டது. 449-இல் கிழக்கு ரோமானியப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் அனுப்பிய தூதுக்குழுவில் சென்ற பிரிஸ்கஸ், டான்யூப் ஆற்றுக்கு அப்பால் அட்டிலா அளித்த விருந்தை விவரிக்கிறார். விருந்தினர்களுக்கு வெள்ளித் தட்டுகளில் அறுசுவை உணவு. அரசன் முன்னே மரத்தட்டில் வெறும் இறைச்சி. மற்றவர்கள் பொன்னிலும் வெள்ளியிலும் அருந்த, அவன் கையில் மரக்கோப்பை. கோமாளியின் சேட்டையைக் கண்டு மண்டபமே சிரித்தபோதும் இறுகிய முகத்துடன் இருந்தவன், இளைய மகன் எர்னாக் அருகில் வந்ததும் கனிந்த பார்வையுடன் அவனைத் தன்னிடம் இழுத்துக்கொண்டான். ஒரு நல்ல நடிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே பயணத்தின் பின்னணியில் நடந்த சதி இன்னும் சுவையானது. அட்டிலாவின் நம்பிக்கைக்குரிய எடெக்கோவுக்குப் பொன் தந்து, அவனைக் கொண்டே அரசனைக் கொல்ல தியோடோசியஸின் அரண்மனை அதிகாரி கிரிசாஃபியஸ் திட்டமிட்டிருந்தார். உடன் சென்ற பிரிஸ்கஸுக்கு இது தெரியாது. எடெக்கோ அரசனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட, தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளர் விகிலாஸ் அந்தப் பொன்னோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். ஆனால் அட்டிலா அவரைக் கொல்லவில்லை. தன் செயலாளர் ஒரெஸ்டஸின் கழுத்தில் அந்தப் பொன் இருந்த பையை மாட்டி, கான்ஸ்டாண்டிநோபிள் அரசவைக்கே அனுப்பி, ‘இந்தப் பையை அடையாளம் தெரிகிறதா’ என்று கிரிசாஃபியஸிடம் கேட்கச் சொன்னான்.

வாளை உருவாமலே பேரரசின் மானத்தை வாங்கிய இந்த அட்டிலாதான் திரைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பட்லரின் அட்டிலா வீரன், காதலன், விதியால் தேர்ந்தெடுக்கப்பட்டவன். அந்த மூன்றிலும் அவர் நன்றாகவே செய்திருக்கிறார். கணக்குப் போடுகிற அரசனாக, ஆண்டுக்கு 2,100 பவுண்டு பொன்னைக் கப்பமாகக் கறந்த பேரம் தெரிந்தவனாக அவரைக் காட்டும் காட்சிகள்தான் போதவில்லை.