அலெக்சாண்டரின் தங்க ஸ்டேட்டர்: போலியை எப்படிப் பிடிப்பது?

அலெக்சாண்டர் பெயர் பொறித்த ஸ்டேட்டர் (பண்டைய கிரேக்கக் காசு) எல்லாமே அவர் காலத்துக் காசு அல்ல. கி.மு. 323இல் அவர் இறந்த பிறகும் பல நகரங்கள் அதே அச்சமைப்பில் அடித்துக்கொண்டே இருந்தன. முன்பக்கம் கொரிந்தியத் தலைக்கவசத்தோடு கிரேக்கத் தெய்வம் அதீனாவின் தலை, பின்பக்கம் மாலை ஏந்தி நிற்கும் வெற்றித் தெய்வம் நைக்கி. எந்த ஊர்க் காசு என்பதை நைக்கியின் அருகிலும் சிறகுக்குக் கீழும் உள்ள சின்னக் குறிகளும் கூட்டெழுத்துகளும்தான் (பல எழுத்துகளை ஒன்றாகப் பிணைத்தவை) காட்டிக்கொடுக்கும். அவசரப்படாமல் அங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

முதலில் எடை. சுமார் 8.6 கிராம் இருக்கும், விட்டம் 17–19 மி.மீ. தங்கம் ஏறக்குறைய சுத்தமானது. பெரிய தேய்மானம் இல்லாமலே எடை 8.4க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். சுத்தியலால் அடித்த காசில் உலோகம் நகர்ந்த மெல்லிய கோடுகள் எழுத்துகளைச் சுற்றி விளிம்பை நோக்கி ஓடும். வார்த்த போலியில் அவை மழுங்கியிருக்கும், கூடவே ஊசிமுனைக் குழிகள், விளிம்பில் அராவி மறைத்த இணைப்புக் கோடு. அச்சில் அடித்த நவீனப் போலிதான் உண்மையான தலைவலி. அதற்கு ஏலப் படங்களோடு ஒப்பிடுவது ஒரு நல்ல வழி: இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே அடி இருந்தால் ஒன்றாவது போலி.

தலைக்கு மேலே விளிம்பில் மட்டும் அராவிய தடம் தெரிந்தால் வளையம் வைத்து நகையாக அணிந்திருக்கலாம். காசு அசலாக இருந்தாலும் விலை நன்றாகவே இறங்கும்.